சீல் வைத்த பந்து

திருப்பூரில் வெளிநாட்டுக்காரன் எதைக் கேட்டாலும் கிடைக்கும். கழுத்துப்பட்டியில் கூடுதலாக ஒரு தையல் கேட்டால் கிடைக்கும். கக்கூஸ் கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா என்று கேட்டால், அவன் கார் அவிநாசி ரோட்டிலிருந்து திரும்பி வருவதற்குள் தாழ்ப்பாளும் கதவும் கக்கூஸும் சேர்ந்தே கிடைக்கும். 2007-ல், டாலர் விழுந்து முதலாளிகளெல்லாம் இழவு வீட்டுக்குப் போய்வந்த முகத்தோடு திரிந்த அந்த வருஷம், ஒரு பையரின், அதாவது பனியன் வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனியின், ஆடிட்டர் செங்கோட்டையனின் பனியன் கம்பெனியைச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கிளம்பும்போது கார்க் கண்ணாடியை இறக்கி ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"உங்கள் தொழிலாளர்கள் விளையாடுகிறார்களா?"

செங்கோட்டையன் நெஞ்சை நிமிர்த்தினார். "என்ற கம்பெனில ஒருத்தன் வெளையாடுவானுங்களா? வெளையாண்டான்னா அன்னைக்கே கணக்குத் தீத்து அனுப்பிப்போடுவனுங்க!"

பக்கத்தில் நின்ற குவாலிட்டி மேனேஜர் பிரபாகர் அதை ஆங்கிலத்தில், "வாரா வாரம் விளையாடுகிறார்கள்" என்று மொழிபெயர்த்தார்.

"அடுத்த முறை போட்டோ வையுங்கள்" என்று சொல்லிவிட்டுக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார் ஆடிட்டர்.

இப்படித்தான் பின்னலாடை உரிமையாளர் விளையாட்டுச் சங்கம் பிறந்தது. தலைவர் செங்கோட்டையன். செயலாளர் பிரபாகர். பொருளாளர், செங்கோட்டையனின் மனைவியின் தம்பியும் நூல் புரோக்கருமான முருகவேல். சங்கம் நடத்தப்போகும் ஒருநாள் கிரிக்கெட் போட்டிக்குத் தொழிலாளர் நலக் கோப்பை என்று பெயர் வைத்தார்கள். சங்கத்தில் தொழிலாளி யாரும் கிடையாது. தன் நலம் எது என்பதைத் தொழிலாளியே முடிவு செய்தால் அதில் பாரபட்சம் வந்துவிடும் என்று முதல் கூட்டத்திலேயே பேசித் தெளிந்திருந்தார்கள். சுற்றுவட்டார ஊர் அணிகளைக் கூப்பிடுவது, அவர்களை எதிர்த்து ஆட எல்லாக் கம்பெனித் தொழிலாளர்களிலிருந்தும் சங்கத்துக்கென்று ஓர் அணி பொறுக்குவது என்று தீர்மானம் ஆயிற்று. மட்டை பிடிக்க முதலாளிகளின் பிள்ளைகள் போதுமான அளவு கையிருப்பில் இருந்தார்கள். வெயிலில் நின்று பந்து வீசத்தான் ஆள் வேண்டும்.

முதலிபாளையத்தில் உள்ள செங்கோட்டையனின் சாயப்பட்டறையில் டைம் ஆபீஸ் ஜன்னலுக்குப் பக்கத்தில் நோட்டீஸ் ஒட்டினார்கள். தேர்வாகும் பந்து வீச்சாளர்களுக்குப் பயிற்சி வசதிக்காகப் பகல் ஷிப்ட் தரப்படும் என்று அதன் கடைசி வரி சொன்னது. அங்கே வேலை பார்த்த வெள்ளையன் முதல் வரிகளைப் படிக்கவேயில்லை. கடைசி வரியை மட்டும் திரும்பத் திரும்பப் படித்தான்.

மகள் தமிழ்மதி பிறந்ததிலிருந்து அவனுக்கு நைட் ஷிப்ட். மனைவி சித்ராதேவி பெருமாநல்லூர் பக்கம் ஒரு கம்பெனியில் பகல் ஷிப்ட் டைலர். அவளை இறக்கிவிடும் வேனும் அவனை ஏற்றிக்கொள்ளும் வேனும் ஒரே பேக்கரி முன்னால் நிற்கும். இரண்டு டிரைவர்களும் ஹாரன் அடிக்கிற இடைவெளியில் வீட்டுச் சாவியும் பிள்ளையும் கைமாறும். குடும்பம் நடத்துவது என்பது அவர்களுக்கு அவ்வளவுதான். தமிழ்மதி பள்ளிக்கூடம் விட்டு வரும்போது அவன் தூங்கிக்கொண்டிருப்பான். அப்பாவை எழுப்பினால் ராத்திரி மெஷினுக்குள் கையை விட்டுவிடுவார் என்று அம்மா சொல்லி வைத்திருந்ததால், அந்தப் பிள்ளை கொலுசைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் வீட்டுக்குள் நடக்கும். பள்ளிக்கூடத்தில் குடும்பப் படம் வரையச் சொன்னபோது அம்மாவை நிற்கிற மாதிரி வரைந்தது. அப்பாவைக் கால்முதல் தலைவரை போர்வை போர்த்திப் படுத்த மாதிரி வரைந்தது. டீச்சர் பதறிப்போய், "உங்க ஊட்டுல யாராவது தவறிட்டாங்களா கண்ணு?" என்று விசாரித்தார்.

ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள் வெள்ளையன் விழித்திருப்பான். அன்றைக்கும் காலி சைட்டில் பந்து பொறுக்கப் போய்விடுகிறான் என்பது சித்ராதேவியின் நெடுநாள் வழக்கு. நோட்டீஸ் விஷயத்தைச் சொன்னதும் அவள் வழக்கை வாபஸ் வாங்கிக்கொண்டாள்.

"ஏனுங்க மாமா, அந்தப் பந்துல இப்படி ஒரு வாழ்வு இருக்குதுன்னு மொதல்லயே சொல்லறதுக்கு என்னுங்க?"

ஆள் தேர்வு பெருமாநல்லூர் ரோட்டுக்குப் பக்கத்து மைதானத்தில் நடந்தது. ஷாமியானா, மேஜை, மினரல் வாட்டர். 'ஸ்பின்' என்று ஒரு போர்டு, 'பேஸ்' என்று ஒரு போர்டு, இரண்டுக்கும் கீழே வரிசை. பிரபாகர் கழுத்தில் அளவு டேப்பைத் தொங்கவிட்டுக்கொண்டு நின்றார். கிரிக்கெட்டில் டேப்பால் எதை அளப்பது என்று கேட்கிற தைரியம் யாருக்கும் இல்லை. அது இல்லாமல் அவரை யாரும் பார்த்ததும் இல்லை.

"நீங்க எந்த வரிசைங்க?" என்றார் பிரபாகர். கொங்குச் சீமையில் ஆளை வேலையிலிருந்து எடுத்தாலும் 'ங்க' போட்டுத்தான் எடுப்பார்கள்.

"ரெண்டும் போடுவனுங்க சார். நிக்கறவன் எப்படி நிக்கறான்னு பாத்துட்டு, அதுக்குத் தக்கனப் போடுவனுங்க."

பிரபாகரின் முகம் சுருங்கியது. "அதெப்படிங்க ஆவும்? ஒரே டப்பால மீடியமும் லார்ஜும் கலந்து அனுப்ப முடியுமுங்களா? ஒன்னு சொல்லுங்க."

வெள்ளையன் இரண்டு வரிசைகளையும் பார்த்தான். நிழல் இருந்த வரிசையில் போய் நின்றான். அது ஸ்பின்.

அவனுக்கு முன்னால் காஜா எடுத்துப் பட்டன் தைக்கும் பையன் ஒருவன் மூன்று பந்து போட்டான். ஒன்று உள்ளே திரும்பியது, ஒன்று வெளியே திரும்பியது, ஒன்று திரும்பும் என்று நினைத்தபோது திரும்பாமல் போனது. மட்டை பிடித்த முதலாளி மகன் மூன்றுக்கும் காற்றை அடித்தான். கூட்டம் சிரித்தது. பிரபாகர் அட்டையில் எழுதினார்: 'பீஸுக்கு பீஸ் வேரியேஷன். ரிஜக்ட்.'

பக்கத்து வரிசையில் ஒருவன் புயலாக ஓடிவந்து நடுக்குச்சியை இரண்டாக ஒடித்தான். 'பொருள் சேதம். ரிஜக்ட்.'

வெள்ளையனுக்குப் புரிந்துவிட்டது. சாயப்பட்டறைக்காரனுக்கு இது புரியாமல் எப்படி? ஷேடு கார்டில் என்ன நிறமோ அதுதான் துணியில் வரவேண்டும். அதைவிட நல்ல நிறம் வந்தாலும் அது தப்பு நிறம்தான். அவன் ஒரு பந்து போட்டான், சாதுவாக, நேராக. அது பவுண்டரிக்குப் போனது. அதே பந்தை மறுபடி போட்டான். அதே பவுண்டரி. மூன்றாவது முறையும் அதே பந்து, அதே பவுண்டரி, அங்கே படுத்திருந்த அதே நாய் எழுந்து ஓடியது.

"பாத்தீங்களா மொதலாளி!" பிரபாகர் ஷாமியானாவுக்குள் திரும்பிக் கூவினார். "மூனும் ஒரே எடத்துல விழுந்து ஒரே எடத்துக்குப் போவுது! இப்படி ஒரு கன்சிஸ்டன்சிய நான் எங்கயுமே பாத்ததில்லீங்க!"

வெள்ளையன் தேர்வானான்.

ஆனால் சங்க அணி எதை நம்பிக் களமிறங்குவது, வேகத்தையா சுழலையா என்ற பெரிய கேள்வி பாக்கி இருந்தது. அதைத் தீர்க்க அன்று மாலை சங்க அலுவலகத்தில் செயற்குழு கூடியது. வெள்ளையனையும் கூட்டிப்போய் ஓரமாக ஒரு ஸ்டூலில் உட்காரவைத்தார்கள். பேசுகிற சரக்கு கண்முன்னால் இருக்கட்டும் என்பதற்காக. டீ கொடுத்தார்கள்.

செங்கோட்டையன் வேகத்தின் பக்கம். "டாலர் விழுகற வேகத்துக்கு நாம இருக்கறோம். மெதுவாப் பந்து போட்டுட்டு உக்காந்திருக்க நேரமில்ல. வேகமாப் போட்டா வேகமா முடியும். ஆளுக அடுத்த நாள் வேலைக்கு வரோணுமல்ல?"

முருகவேல் சுழலின் பக்கம். "மச்சான், கோவிச்சுக்காதீங்க. வேகமாப் போடறவன் எங்கிருந்தோ ஓடி வாறான். அவன் ஓடறதுல நமக்கென்னுங்க கெடைக்குது? பந்து போடறதுக்குத்தானுங்க கூப்புட்டோம்? சுத்திப் போடறவன்னா நின்ன எடத்துல இருந்து ரெண்டெட்டு வெச்சுப் போடறான். ஷூ தேயாது. வேர்க்காது. வேர்க்கலீன்னா தண்ணி கேக்க மாட்டான்."

"தண்ணியப் பாத்தா ஆவுமா மாப்ளே? போட்டோவப் பாரு. ஓடி வர்றவன் போட்டோவுல உசுரோட தெரியறான். சுத்திப் போடறவன் சும்மா நிக்கற மாதிரி விழுகறான். நம்ம கம்பெனில ஆளுக சும்மா நிக்கறாங்கன்னு பையருக்கு நாமளே படம் புடிச்சு அனுப்பறதா?"

முருகவேல் விட்டுக்கொடுக்கிற வம்சம் இல்லை. அடிபிடியாக விவாதம் போனது. யாரும் எதற்கும் மசியாததால், கடைசியில் அந்த இரண்டு குடும்பங்களும் பனியனுக்கு வருவதற்கு முன்னால் மாட்டுச் சந்தையில் தரகு பார்த்த காலத்து வழிக்கே திரும்பினார்கள். செங்கோட்டையன் தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறினார். இருவரும் வலது கையை அதற்குள் விட்டுக்கொண்டார்கள். முதுநிலை நிர்வாகவியல் படித்த பிரபாகர், சந்தை மரியாதைப்படி முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

துண்டுக்குள் விரலும் விரலும் பேசின. வெளியே முகங்கள் கல்லாக இருந்தன. ஒருமுறை செங்கோட்டையன் கையை உருவிக்கொண்டு எழப்போனார், முருகவேல் இழுத்து உட்கார வைத்தார். வெள்ளையனுக்குத் துண்டு அசைவது மட்டும் தெரிந்தது. அதற்குள் பல்லைப் பிடித்துப் பார்த்து, சுழி பார்த்து, வாலைத் தூக்கிப் பார்த்து விலை பேசப்படுகிற உருப்படி தான்தான் என்று அவனுக்குக் கொஞ்சம் தாமதமாக உறைத்தது. டீயை முழுதாகக் குடிக்காமல் ஸ்டூலுக்குக் கீழே வைத்தான்.

"முடிஞ்சுது" என்று செங்கோட்டையன் துண்டை உதறித் தோளில் போட்டார். "ஓட்டம் என்னோடது. பந்து மாப்ளையோடது. நான் வேகத்த விட்டுக் குடுத்தேன், அவன் சுத்தறத விட்டுக் குடுத்தான். எழுதிக்கோ பிரபாகரு."

பிரபாகர் எழுதிக்கொண்டே சத்தமாகப் படித்தார். அதாவது, சங்க அணியின் பந்து வீச்சாளர்கள் அனைவரும் வேகப்பந்து வீச்சாளரைப் போல எல்லைக்கோட்டருகிலிருந்து ஓடி வர வேண்டும். வந்து, சுழற்பந்து வீச்சாளரைப் போல மெதுவாக வீச வேண்டும். பந்து எந்தப் பக்கமும் திரும்பக் கூடாது.

வெள்ளையன் ஸ்டூலில் இருந்து மெல்லக் கேட்டான். "சார், அப்பறம் பந்துல என்னுங்க மீதி இருக்குது?"

"ஒழுங்கு இருக்குதுங்க" என்றார் பிரபாகர்.

மறுநாள் காலையில் மைதானத்தில் அவன் தீர்மானத்தின்படி ஒரு பந்து போட்டுக் காட்டினான். மூன்று பேரும் தலையாட்டினார்கள். அந்தப் பந்தை ஈரம் போகத் துடைத்து, பாலித்தீன் பையில் போட்டு, 'ஒப்புதல் பெற்ற சாம்பிள்' என்று அட்டை கட்டி, மூவரும் கையெழுத்திட்டு, வெள்ளையனிடமும் கையெழுத்து வாங்கி, அரக்கு சீல் வைத்து, சங்கத்தின் பீரோவில் பூட்டினார்கள். இனி எல்லாப் பந்து வீச்சாளர்களும் அந்தச் சாம்பிளைப் பார்த்துத்தான் போடவேண்டும். பந்தைப் பைக்குள் போட்டாயிற்று, போட்ட விதத்தை எதற்குள் போட்டார்கள் என்று வெள்ளையனுக்குத் தெரியவில்லை. அன்று சாயங்காலம் பகல் ஷிப்ட் ஆர்டர் கையில் வந்ததால் அதைப் பற்றி யோசிக்கவும் இல்லை.

அதற்கப்புறம் அவன் வீட்டில் நடந்ததைச் சொன்னால், பகல் ஷிப்டிலேயே பிறந்து வளர்ந்தவர்களுக்கு அதில் ஒன்றும் இருக்காது. மூன்று பேரும் ஒரே நேரத்தில் சாப்பிட்டார்கள். தமிழ்மதி முதல் நாள் அப்பா எதிரில் வந்து நின்று, குரலைத் தாழ்த்தி, "அப்பா, பேசலாமா?" என்று கேட்டது. இவன் "பேசு கண்ணு" என்றதும் பேச ஆரம்பித்தது, தூங்கும்வரை நிறுத்தவில்லை. கொலுசு மறுபடி காலில் ஏறியது. சித்ராதேவி கதவைச் சாத்திவிட்டு அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"என்னமோ கல்யாணம் பண்ணிக்க வந்தவனாட்ட தல சீவி நிக்கறீங்க?"

"பகல்ல பாத்ததில்லையல்ல, அதான் உனக்குப் புதுசாத் தெரியுது."

"இங்க பாருங்க மாமா. அந்தச் சங்கத்துக்காரங்க எந்தப் பந்தப் போடச் சொல்றாங்களோ அதையே போட்டுட்டுக் கெடங்க. உங்க திருகற வேலையெல்லாம் அங்க காட்டீராதீங்க."

"நான் ஏன் காட்டறேன்?" என்றான் அவன். மனசாரத்தான் சொன்னான்.

முதல் ஆட்டம் சேவூர் அணியுடன். கடலைக்காடு வைத்திருப்பவர்கள், தறி ஓட்டுபவர்கள், ஒரு சைக்கிள் கடைக்காரர் எல்லாம் சேர்ந்த அணி. ஒருவருக்கொருவர் சட்டை நிறம் சேராது. பாலை இறக்கிவிட்டு நேராகப் பால் வண்டியிலேயே வந்து இறங்கிய நாச்சிமுத்து, அவர்களுக்கு முதலில் மட்டை பிடித்தார். இந்தப் பக்கம் சங்க அணிக்கு எலாஸ்டிக் வைத்த புது உடுப்பு. நெஞ்சில் 'தொழிலாளர் நலம்'. எக்ஸ்போர்ட்டில் ரிஜக்ட் ஆன துணி என்பதால் முதல் வியர்வையிலேயே சாயம் கக்கத்தில் இறங்கியது.

பிரபாகர் எல்லைக்கோட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். ஒரு கையில் பச்சை அட்டை, மறு கையில் சிவப்பு அட்டை. ஒவ்வொரு பந்தும் சாம்பிளோடு ஒத்துப்போனால் பச்சை, மாறினால் சிவப்பு.

வெள்ளையன் எல்லைக்கோட்டிலிருந்து மூச்சு வாங்க ஓடி வந்தான். இவ்வளவு தூரம் ஓடி வருகிறானே என்று நாச்சிமுத்து பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். பந்து பஸ்ஸைத் தவறவிட்டவன் மாதிரி நிதானமாக வந்து சேர்ந்தது. நாச்சிமுத்து அதை ஒரு நொடி நம்பாமல் பார்த்துவிட்டு, பெருமாநல்லூர் திசையில் அனுப்பிவைத்தார். ஆறு.

பிரபாகர் பச்சை அட்டையைத் தூக்கினார். "பாஸ்!"

அடுத்த பந்து. ஆறு. "பாஸ்!"

பந்து வீச்சாளர் மாறினார். வேறு ஆள், அதே ஓட்டம், அதே பந்து. நான்கு. "பாஸ்!" ஷாமியானாவுக்குள் செங்கோட்டையன் போட்டோகிராபரை விரட்டிக்கொண்டிருந்தார். "ஓடி வர்றதப் புடிப்பா, ஓடி வர்றத! பந்து எங்க போனா உனக்கென்ன?"

மத்தியானத்துக்குள் வெயில் மண்டையைப் பிளந்தது. மைதானத்தைச் சுற்றி நின்ற கம்பெனி ஆட்கள் முதலில் தலையில் அடித்துக்கொண்டார்கள், பிறகு சிரித்தார்கள், பிறகு அதற்கும் தெம்பில்லாமல் மரத்தடியில் உட்கார்ந்தார்கள். வேப்பமரத்துக்குக் கீழே சித்ராதேவியும் தமிழ்மதியும் இருந்தார்கள். அப்பா ஓடி வரும்போதெல்லாம் அந்தப் பிள்ளை எழுந்து நின்றது. பந்து தலைக்கு மேலே போகும்போதெல்லாம் உட்கார்ந்தது. கொஞ்ச நேரத்தில் எழுந்திருப்பதை விட்டுவிட்டது.

நாச்சிமுத்து தங்கமான மனுஷன். மரியாதை தெரிந்தவர். தன் நூறைத் தாண்டிய பிறகு, ஓடத் திரும்பிய வெள்ளையனைக் கூப்பிட்டார்.

"ஏனுங்ணா, அடுத்ததும் இதேதானுங்களா?"

வெள்ளையன் பந்தைச் சட்டையில் துடைத்தான்.

"தப்பா நெனச்சுக்காதீங்க. இதேதான்னா, நீங்க அவ்வளவு தூரம் போயி ஓடி வரோணுமாங்ணா? இங்கிருந்தே போட்டீங்கன்னா நானும் வெரசா அடிச்சுப்போட்டு வண்டி எடுத்துக்குவனுங்க. சாயங்காலப் பாலு வேற கறக்கோணும், மாடு கத்தும்."

கேலியாகச் சொல்லியிருந்தால் வெள்ளையன் பொறுத்திருப்பான். அவர் நிஜமாகவே இரக்கப்பட்டுச் சொன்னார்.

எல்லைக்கோட்டுக்குப் போய்த் திரும்பினான். அவனுக்கு எதிரே நாச்சிமுத்து ஒரு காலை முன்னே வைத்து, மட்டையைத் தோளுக்கு ஏற்றித் தயாராக நின்றார், வருகிற விருந்தாளியின் முகம் முன்பே தெரிந்தவர் மாதிரி. வேப்பமரத்தடியில் தமிழ்மதி அம்மா மடியில் முகத்தைப் புதைத்திருந்தது. வெள்ளையன் ஓடினான். தீர்மானத்தின்படி ஓடினான். கை உயர்ந்தது வரை தீர்மானம்தான். அதற்கப்புறம் விரல் பந்தைத் திருகிய திருகு எந்தச் செயற்குழுவுக்கும் கட்டுப்பட்டது இல்லை.

பந்து வெளியே விழுந்தது. நாச்சிமுத்து வழக்கமான இடத்தில் மட்டையை வீசினார். பந்து அந்த இடத்தில் இல்லை. உள்ளே வெட்டித் திரும்பி, அவர் காலுக்கும் மட்டைக்கும் நடுவே புகுந்து, குச்சியைச் சாய்த்தது.

மரத்தடிக் கூட்டம் பெரும் சத்தத்தோடு எழுந்தது. "அப்பா!" என்று தமிழ்மதி போட்ட கத்தல் தனியாகக் கேட்டது. நாச்சிமுத்து விழுந்த குச்சியைப் பார்த்து, வெள்ளையனைப் பார்த்து, ஏனோ சிரித்தார்.

எல்லைக்கோட்டில் பிரபாகர் நாற்காலியை விட்டு எழுந்து நின்று, சிவப்பு அட்டையைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்திருந்தார்.

சேவூரை அதற்குமேல் ஒன்றும் செய்ய முடியவில்லை. வெள்ளையனை அத்துடன் நிறுத்திவிட்டார்கள். மற்றவர்கள் சாம்பிளை வீசினார்கள், சேவூர் அடித்தது. சங்க அணி மட்டை பிடித்த கதை சுருக்கமானது. முதலாளிகளின் பிள்ளைகள் வெயில் தாழ்வதற்குள் வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

விசாரணைக் கூட்டத்தில் வெள்ளையனுக்கு அதே ஸ்டூல். இந்த முறை டீ இல்லை. மேஜையில் சீல் வைத்த பந்து, பையோடும் அட்டையோடும் நடுநாயகமாக இருந்தது. பிரபாகர் அறிக்கை வாசித்தார். அன்று வீசிய பந்துகள் அனைத்தும் ஒப்புதல் பெற்ற சாம்பிளோடு அச்சுப் பிசகாமல் ஒத்துப்போயின, ஒரே ஒரு பந்தைத் தவிர.

"ஒரு லாட்டுல ஒரு பீஸ் மாறினா என்னாகும்?" என்று முருகவேல் காற்றைப் பார்த்துக் கேட்டு, அவரே பதிலும் சொன்னார். "மொத்த லாட்டும் ரிஜக்ட். அப்பறம் எப்படி ஜெயிப்போம்?"

செங்கோட்டையன் வெள்ளையனைப் பார்த்தார். குரலில் கோபமே இல்லை. "ஏங்கண்ணு, இந்தக் கையெழுத்து உன்றதுதானே?"

"ஆமாங்க மொதலாளி."

"அப்பறம் எதுக்கு மாத்திப் போட்டே?"

"அவுட்டாச்சுங்களே."

செங்கோட்டையன் நாற்காலியில் முன்னே சரிந்தார்.

"அவுட்டாச்சுன்னா? அவுட்டானாச் செரியாப் போச்சா? நாளைக்கு ஒவ்வொருத்தனும் அவுட்டாக்கோணும்னே பந்து போட ஆரம்பிச்சான்னா அப்பறம் சங்கம் எதுக்கு? நானெதுக்கு? அமெரிக்காக்காரன் தப்புப் பண்ணினா நஷ்டத்த எம்மேல டெபிட் போடறான். நான் திருப்பிப் பேசறனா? வாங்கி ஜாப் ஒர்க் பண்ணறவன் மேல போடறேன். அவன் பேசறானா? டைலர் மேல போடறான். இப்படித்தான் ஊரு பொளைக்குது. தோத்தது பெரிசில்ல. தோத்தா யாரு மேலயாவது போட்டுக்கலாம். நீ ஜெயிக்கப் பாத்தே பாரு, அத நான் யாரு மேல கொண்டு போயிப் போடறது?"

முருகவேல் கண்ணை மூடி, "சரியாச் சொன்னீங்க மச்சான்" என்றார்.

தோல்வி வெள்ளையன் மேல் டெபிட் ஆயிற்று. மறுநாள் முதல் நைட் ஷிப்ட். "தப்பா நெனச்சுக்காதீங்க" என்று சொல்லித்தான் பிரபாகர் ஆர்டரை நீட்டினார்.

அதோடு நின்றிருந்தால் அது சங்கம் ஆகாது. எங்கள் பந்து வீச்சாளர் ஒப்புதலின்றி வீசிய பந்தில் தங்கள் ஆட்டக்காரர் ஆட்டமிழக்க நேர்ந்ததற்கு வருந்துகிறோம், அந்த விக்கெட்டை நாங்கள் திரும்பப் பெறுகிறோம் என்று சேவூர் அணிக்குக் கடிதம் போனது. நாச்சிமுத்து அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, பேக்கரிக்குப் பால் இறக்க வந்தபோது, வேனுக்குக் காத்திருந்த வெள்ளையனிடம் காட்டினார்.

"இதென்னுங்ணா இப்படி எழுதீருக்கறாங்க? நான் அவுட்டுத்தானுங்க. அன்னைக்குப் பூரா எனக்கு வந்த ஒரே பந்து அதுதான்." சொல்லிவிட்டுக் கேனைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார்.

வேகமா சுழலா என்ற கேள்வியையும் சங்கம் நிரந்தரமாகத் தீர்த்துவிட்டது. பந்து எறிகிற இயந்திரம் ஒன்றை இறக்குமதி செய்தார்கள். அது நாள் முழுவதும் ஒரே பந்தை ஒரே இடத்தில் போடும். தண்ணீர் கேட்காது, விரல் கிடையாது. கரண்ட் போனால் நின்றுவிடும் என்பதால் அதற்கென்று ஒரு ஜெனரேட்டர் வாங்கினார்கள். இயந்திரம் பந்து போட, செங்கோட்டையனின் மகன் மட்டையை ஓங்கி நிற்க, பின்னால் 'தொழிலாளர் நலம்' பேனர் தொங்க, போட்டோ எடுத்துப் பையருக்கு அனுப்பினார்கள். பையர் திருப்தி தெரிவித்துப் பதில் போட்டார். பொழுது சாய்ந்ததும் இயந்திரத்தைத் துடைத்து, போர்வை போர்த்தி, ஷெட்டில் பூட்டிவிடுவார்கள். அதற்குப் பகல் ஷிப்ட்.

பேக்கரி முன்னால் ஒரு சாயங்காலம் இரண்டு வேன்களும் நின்றன. வெள்ளையன் தூங்கிவழிந்த தமிழ்மதியைச் சித்ராதேவியின் தோளில் மாற்றினான். சாவியைக் கொடுத்தான். கொலுசு மறுபடி கழன்று, பிள்ளையின் ஸ்கூல் பைக்குள் போயிருந்தது. அந்தப் பையிலிருந்து சித்ராதேவி ஒரு தாளை உருவி அவன் முன்னால் பிடித்தாள். அப்பா நிற்கிற படம். ஒரு கை வானத்துக்கு நீண்டிருந்தது. பக்கத்தில் கழுத்தில் டேப் தொங்கவிட்ட ஒரு ஆள் சிவப்புக் கொடி பிடித்துக்கொண்டு நின்றார். அப்பா ஜெயித்ததற்காகப் பிடித்த கொடி என்று டீச்சரிடம் சொல்லியிருக்கிறதாம்.

அவன் வேன் ஹாரன் அடித்தது.

"ஏனுங்க மாமா" என்றாள் சித்ராதேவி. "நானுந்தான் திருகாதீங்கன்னு சொன்னேன். அந்த ஒத்தப் பந்தப் போடாம உட்டிருக்கலாமுன்னு இப்ப உங்களுக்குத் தோணுதுங்களா?"

மறுபடி ஹாரன். வெள்ளையன் படியில் ஏறி, கம்பியைப் பிடித்துக்கொண்டு திரும்பினான்.

"மொதப் பந்துலயே போட்டிருக்கோணும்" என்றான்.